பதில் வந்தாலும் திற

பிரான்சிஸ் சார், அந்த மெழுகுவர்த்தியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஓட்டு மிஷின் மேல் சொட்டினால் நாளைக்குக் காலையில் நமக்குத்தான் பேஜார். கரண்ட் இப்போதைக்கு வராது. வளவனூரே இருட்டாகக் கிடக்கிறது. எலெக்‌ஷன் டியூட்டிக்கு வந்து பள்ளிக்கூடப் பெஞ்சில் படுத்தால் யாருக்குத் தூக்கம் வரும்?

சென்னையில் ஏதோ குளிர் அறை வந்திருக்கிறது, மூட்டு வலிக்கு அதில் போய் நிற்கப் போகிறேன் என்று சாயங்காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். மைனஸ் நூறுக்கும் கீழே... மூன்றே நிமிடம்... வலி பறந்துவிடும். போங்கள். தடுக்க நான் யார்? ஆனால் போவதற்கு முன்னால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அதை எந்த விளம்பரத்திலும் போட்டிருக்க மாட்டார்கள்.

"ஜாக்குலின் டீச்சர், பேய்க் கதையா? அப்புறம் பாத்ரூமுக்கு நீங்கதான் தொணைக்கு வரணும்" என்கிறாள் கிருஷ்ணவேணி. வருகிறேன் தாயே. கிட்டே வந்து உட்கார்.

பேய்க் கதை என்றால் நடுராத்திரியில் ஆரம்பிக்க வேண்டும். இது பட்டப்பகல் இரண்டு மணி. கத்திரி வெயில். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற ரோடு. தார் இளகிச் செருப்பில் ஒட்டும்... ஒரு நாய்கூட வெளியே இருக்காது. அங்கிருந்து பிரிகிற மண் ரோட்டில், முள்ளுக்காட்டைத் தாண்டினால் ஒரு இறால் கம்பெனி. பெயர் வேண்டாம். இப்போது மூடிவிட்டார்கள்.

என்னோடு வேலை பார்த்த சகாயசெல்வியின் அண்ணன் இருதயராஜ் அங்கே ஃப்ரீசர் ஆபரேட்டர். அவர் மனைவி மலர்விழி. இது அவர்களுக்கு நடந்தது. கிருஷ்ணவேணி உதட்டைச் சுழிக்கிறாள் பாருங்கள். எல்லாப் பேய்க் கதையும் தோழியின் சொந்தக்காரருக்குத்தான் நடக்குமாம். பொறு. கடைசியில் நானும் வருகிறேன்.

சிக்குன்குனியா ஊரையே முடக்கிப் போட்டதே, நினைவிருக்கிறதா? வீட்டுக்கு வீடு சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தோமே. எல்லோருக்கும் சில மாதத்தில் விட்டது. மலர்விழிக்கு விடவில்லை. மகன் பிரவீன் அப்போது கைக்குழந்தை. காலையில் எழுந்தால் அவளுக்கு விரல் மடங்காது, முழங்கால் மடங்காது. பிள்ளை பாயில் கிடந்து கத்தும். இவள் பக்கத்தில் மரம் மாதிரி நின்று அழுவாள். பக்கத்து வீட்டுக் குப்பம்மாள்தான் ஓடி வந்து தூக்குவாள். மாத்திரை, ஊசி, தைலம், நாட்டு மருந்து... ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நாள் பிள்ளை குப்பம்மாளைப் பார்த்துக் கையை நீட்டி "ம்மா" என்றது.

அன்றைக்கு மலர்விழி சாப்பிடவில்லை.

"ஏங்க, ஞானஸ்நானத்தன்னிக்கு எம்புள்ளைய நான்தான் தூக்கிக்கினு நிக்கணும். வேற யாரும் தூக்கக் கூடாது. இன்னா செய்வீங்களோ, செய்யுங்க" என்றாள் புருஷனிடம்.

அதற்காகவே ஞானஸ்நானத்தைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார்கள். ஃபாதர் சத்தம் போட்டு, மே மாதக் கடைசி ஞாயிறு என்று முடிவு செய்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து டிவியில் ஒரு நிகழ்ச்சி. வெளிநாட்டில் மூட்டு வலிக்காரர்களைக் குளிர் அறைக்குள் நிற்க வைக்கிறார்கள். உடம்பில் பொட்டு ஈரம் இருக்கக் கூடாதாம். நகை கூடாதாம். கைக்கும் காலுக்கும் உறை மாட்டிக் காதை மூட வேண்டுமாம். இருதய நோய்க்காரர்களும் பிள்ளைத்தாய்ச்சியும் பக்கமே போகக் கூடாதாம். மூன்று நிமிடம், அதற்கு மேல் இல்லை. வெளியே ஒருவர் நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மலர்விழி திரும்பி இருதயராஜைப் பார்த்தாள். "உங்க கம்பெனில கீதே, அந்த ரூமு."

"பைத்தியமா உனக்கு?" என்று எரிந்து விழுந்தார். அப்போது பிள்ளை அழுதது. அவள் எழுந்து போகப் பார்த்தாள், முடியவில்லை. அவர் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மறுநாள் கூட்டிப் போனார்.

மதியம் இரண்டு மணிக்கு ஃப்ரீசர் ரூம் காலியாக இருக்கும். மேனேஜர் சாப்பிட்டுத் தூங்குவார். விசிறியை நிறுத்திவிட்டால் காற்று அடிக்காது... குளிர் மட்டும் நிற்கும். மைனஸ் முப்பது. இறால் கவிச்சியும் அமோனியா நெடியும் மூக்கைப் பிடுங்கும். கதவு ஒரு சாண் கனம். உள்ளேயிருந்து திறக்கிற குமிழ் ஐஸ் பிடித்து இறுகிக் கிடந்தது. "நான்தான் வெளிய நிக்கிறேனே, எதுக்கு பயப்படற" என்று சொல்லியிருக்கிறார். கதவுக்குப் பக்கத்துச் சுவரில் பழைய குழாய் போன ஓட்டை ஒன்று, வாய் உயரத்தில். அதில் அடைத்திருந்த துணியை எடுத்தால் பேசலாம்.

டிவியில் சொன்ன எதையும் அவர்கள் விடவில்லை. வியர்வையைத் துடைத்து, புடவை மாற்றி, கம்பளி உறையைக் கையிலும் காலிலும் மாட்டினாள். தோடு, வளையல், மோதிரம் எல்லாம் கழற்றினாள். தாலிக்கு மட்டும் கை போகவில்லை. "சிலுவ போட்ட தாலிங்க" என்று அழுதாள். அவரே கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மூன்று நிமிடம் பார்க்க வாட்ச் இருந்தது. ஆனால் உள்ளே இருப்பவள் நினைவோடு இருக்கிறாளா என்று வாட்ச் சொல்லாது. தினமும் செபமாலை சொல்கிற வீடு அது. எங்கள் செபத்தில் 'அருள் நிறைந்த மரியே'யை ஒருவர் பாதி சொல்லி நிறுத்துவார். மீதிப் பாதியை மற்றவர் சொல்லி 'ஆமென்' என்று முடிக்க வேண்டும். இப்படிப் பத்து தடவை சொன்னால் மூன்று நிமிடம் ஆகிவிடும். ஓட்டையில் வாயை வைத்து அவர் முதல் பாதி... உள்ளேயிருந்து அவள் இரண்டாம் பாதி. பதில் வருகிற வரைக்கும் நன்றாக இருக்கிறாள். அவ்வளவுதான் கணக்கு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் செபத்தின் நடுவே பிள்ளை சிணுங்கினால் போதும், மலர்விழி சொல்லிக்கொண்டிருந்த வார்த்தையைப் பாதியில் விட்டுவிட்டு "இதோ வர்றேன் கண்ணு" என்பாள். மாதாவே எதிரில் நின்றாலும் அவளுக்குப் பிள்ளைதான் முதலில். சகாயசெல்வி இதைச் சொல்லிக் கேலி செய்வாள்.

முதல் நாள் பத்தும் சொல்லி முடித்துக் கதவைத் திறந்தார். பல் கிட்டித்தபடி சிரித்துக்கொண்டு வெளியே வந்தாள். உதடு நீலம். ஆனால் சாயங்காலம் விரல் கொஞ்சம் மடங்கியது. சந்தோஷத்தில் இருவரும் அழுதிருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் இருதயராஜுக்கு உறுத்தியது. 'ஆமென்' ஒவ்வொரு தடவையும் இரண்டாகக் கேட்டது. காலி அறை, எதிரொலி என்று விட்டுவிட்டார்.

அடுத்தடுத்துப் போனார்கள். முழங்கால் மடங்கியது. விரலும் வரும் போல இருந்தது. எதிரொலியும் வளர்ந்தது... கடைசி நாலைந்து வார்த்தை இரண்டாகக் கேட்டது. அப்புறம் பாதி வரி. அவளிடம் கேட்டார்.

"எனக்கும் கேக்குது. பயமா இல்லங்க. யாரோ பழகிக்கினு இருக்கிற மாதிரி கீது."

இத்தோடு நிறுத்திவிடலாம் என்றார். ஆனால் வீட்டுக்குப் போனதும் அவள் பிள்ளையின் சட்டைப் பொத்தானைத் தானே மாட்டிவிட்டாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு. அதைப் பார்த்த மனுஷன் நிறுத்துவாரா, நீங்களே சொல்லுங்கள்.

ஞானஸ்நானத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை. அமாவாசை. குப்பம்மாள் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போய்விட்டாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. மண் ரோட்டில் அவர் பிள்ளையைச் சுமக்க, இவள் பையைச் சுமக்க... இருவரும் வியர்வையில் தொப்பலாக நனைந்து போய்ச் சேர்ந்தார்கள். மேனேஜர் எழுந்துவிடுவாரே என்று அவசரம். சரியாகத் துடைக்கவில்லை.

"இன்னும் தூக்குற அளவுக்கு வரலங்க. இன்னிக்குக் கொஞ்சம் கூட நிக்கிறேன். நான் கேட்டா இன்னொரு பத்து சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவு மூடியது. தப் என்று ஒரு சத்தம்... பஞ்சு மூட்டை விழுந்த மாதிரி.

பிள்ளை அவர் தோளில் தூங்கிவிட்டது. அவர் சொன்னார். பதில் வந்தது. அன்றைக்கு எதிரொலியே இல்லை. ஒரே குரல், தெளிவாக, நடுக்கம் இல்லாமல். அப்பாடா என்றிருந்தது அவருக்கு. பத்து முடிந்ததும் கேட்டார், "போதுமா மலரு?"

"இன்னொரு பத்து."

சொன்னார். முடிந்ததும் மறுபடி கேட்டார்.

"இன்னொரு பத்து."

"மரத்துப் போயிடும்டி."

"நல்லா இருக்கேன். சொல்லுங்க."

மலர்விழியின் குரல்தான். மலர்விழியின் இழுப்புதான். அவர் சொல்லிக்கொண்டே போனார். ஐந்தாவது பத்து நடந்துகொண்டிருக்கும்போது பிள்ளை விழித்துக்கொண்டது. இடம் புதிது... வீல் என்று கத்தியது. ஓட்டைக்கு நேராக, உள்ளே நன்றாகக் கேட்கும்படி.

குரல் நிற்கவில்லை.

'எங்கள் மரண நேரத்திலும்' என்ற கடைசி வரியை நிதானமாகச் சொல்லி, 'ஆமென்' என்று முடித்து, அடுத்ததுக்குக் காத்துக்கொண்டிருந்தது.

இருதயராஜுக்கு அப்போதுதான் உறைத்தது. பிள்ளையைத் தரையில் போட்டுவிட்டுக் கதவை இழுத்தார்.

கதவோடு சேர்ந்து அவள் வெளியே சரிந்தாள். இமை முடியெல்லாம் வெள்ளை. கை உறைகள் உள்ளே கிடந்தன. வெறுங்கையால் கதவை அடித்திருக்கிறாள்... தோல் கதவில் ஒட்டியிருந்தது. அவளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு கத்தினார். அவள் வாய் இறுகி மூடியிருந்தது. உள்ளே, அடுக்குகளுக்குப் பின்னால், விட்ட இடத்திலிருந்து செபம் தொடர்ந்து கேட்டதாம். முதல் பாதியையும் அதுவே சொல்ல ஆரம்பித்திருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் உயிர் பிழைத்தாள். வலது கை விரல்களை எடுத்துவிட்டார்கள். இடது கையில் இரண்டு. பேச்சு வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வியை சகாயசெல்வி பக்கத்திலிருந்து கேட்டாள்.

"ஏங்க தொறக்கல? மொதப் பத்துலயே கதவ அடிக்க ஆரம்பிச்சிட்டனே."

"நீதான் பதில் சொல்லிக்கினே இருந்தியே மலரு..."

"நான் எங்க சொன்னேன்? நாக்கே வரலியே. எம்பக்கத்துல நின்னுக்கினு அது சொல்லிச்சு. நான் அடிக்க அடிக்க, நல்லா இருக்கேன் நல்லா இருக்கேன்னு உங்ககிட்ட சொல்லிச்சு."

முதலில் கம்பளி உறையோடு, அப்புறம் வெறுங்கையால்... எப்படி அடித்தாலும் அந்தக் கனத்த கதவில் என்ன சத்தம் வரும்? ஒரு வளையல் இருந்திருந்தால்... அந்தத் தாலியாவது இருந்திருந்தால் தட்டிக் காட்டியிருப்பாள். எல்லாவற்றையும் கழற்றி அவர் பையில்தானே வைத்திருந்தார்.

உள்ளே இருந்தது யார் என்று கேட்காதீர்கள். முன்பு ஒரு பெண் மாட்டிக்கொண்டு செத்தாள் என்பார்கள். வாட்ச்மேன் மாரியப்பன் அப்படி யாருமே இல்லை என்று சத்தியம் செய்தார். எனக்குத் தெரியாது.

ஞானஸ்நானத்துக்குப் பிள்ளையைக் குப்பம்மாள்தான் தூக்கிக்கொண்டு நின்றாள்.

கதை முடியவில்லை கிருஷ்ணவேணி. உட்கார். நான் வருகிறேன் என்றேனே.

அப்புறம் அவர்கள் விழுப்புரத்துக்குக் குடி வந்துவிட்டார்கள். சில வருடம் கழித்து ஒரு அக்டோபரில் வீடு வீடாகச் செபமாலை சொல்லப் போகும்போது சகாயசெல்வியோடு நானும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். நல்ல வெளிச்சம், சாயங்காலம் கூட ஆகவில்லை. வாசலில் பிரவீன் சைக்கிள் பழகிக்கொண்டிருந்தான். மலர்விழி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள், இரண்டு கையாலும்.

"எப்படி இருக்கே மலர்? வலி எல்லாம் விட்டுச்சா?" என்று கேட்டேன்.

"வலியே இல்லைங்க டீச்சர். நல்லா இருக்கேன்."

தெளிவான குரல். சிரித்த குரல். ஆனால் முந்தானை அசையவில்லை பிரான்சிஸ் சார். கன்னம் அசையவில்லை. கண்கள் மட்டும் என்னையே பார்த்துக் கெஞ்சின.

செபம் ஆரம்பித்தோம். இருதயராஜ் தலையைக் குனிந்தபடி முதல் பாதி சொன்னார். நாங்கள் பதில் சொன்னோம். எல்லோருடைய ஆமெனுக்கும் பிறகு ஒரு ஆமென் தனியாக வந்தது. நல்ல வெயிலில் என் கை மயிர் சிலிர்த்துக்கொண்டு நின்றது. லேசாக அமோனியா நெடி...

அப்போது வாசலில் சைக்கிள் சாய்ந்தது. பிரவீன் "அம்மா!" என்று அலறினான்.

குரல் நிற்கவில்லை. செபத்தை ஒரு வார்த்தை விடாமல் சொல்லிக்கொண்டு போனது. மலர்விழியின் கண்கள் மட்டும் வாசல் பக்கம் திரும்பின. கண்ணீர் முந்தானையில் சொட்டியது. விரலில்லாத கையால் தரையை அடித்தாள். சத்தமே வரவில்லை.

இருதயராஜ் எழுந்தார். வாசலில் அழுகிற பிள்ளையிடம் அவர் போகவில்லை. திறந்திருந்த வாசல் கதவை இன்னும் அகலமாகத் திறந்தார். பின்கட்டுக் கதவைத் திறந்தார். ஜன்னல்களைத் திறந்தார். அன்றைக்குத் திறக்காத கதவு இங்கே எங்கோ இருக்கிறது என்பது போல, அலமாரியைத் திறந்து உள்ளே பார்த்தார். மூடினார். மறுபடி திறந்தார்.