மூடுபனி ராணியின் அழைப்பு

— மனித குல வரலாத்துலேயே, கட்டிலறைக் காட்சியைத் தாயக்கட்டை உருட்டித் தீர்மானிக்கப் போற முதல் கலைஞன் உன் தம்பிதான், அக்கா. இதை ரொம்ப அடக்கத்தோட சொல்றேன்.

— அடக்கம் வாசல்லயே நிக்குது, உள்ள கூப்பிடு. மேசையைத் துடைக்கணும், கையை எடு.

— இது மேசை இல்ல. பனிமலை ராஜ்யம். அந்த உப்பு ஜாடிதான் கோட்டை.

— கோட்டையில உப்பு தீர்ந்துடுச்சு. டேய், நிஜமாத்தான் சொல்றேன், அந்தக் காட்சி வேண்டாம். கதை சொல்லி ஆடற ஆட்டம், ஆடறது மூணே பேர். நான் கோடாலிக்காரி, உங்க அத்தான் மந்திரவாதி, மிச்ச உலகம் மொத்தம் நீ. அந்த மிச்ச உலகத்துலேர்ந்து ஒரு ராணி வந்து என் புருஷனை அந்தப்புரத்துக்குக் கூப்பிடுவா. அவளுக்குக் குரல் கொடுக்கறது என் கூடப் பிறந்தவன். விளங்குமா?

— கலைக்குச் சொந்தபந்தம் கிடையாது. போன வாரம் ஒரு ராட்சசனை ரெண்டாப் பிளந்துட்டு, அதே கையோட பிஸ்கட் கேட்டே. குடலை உருவலாம், தலையைச் சீவலாம். ஒருத்தர் ஒருத்தரைத் தொட்டா மட்டும் ஆட்டம் கெட்டுப்போயிடுமா? நாம யாரும் பால்குடிப் பிள்ளைங்க இல்லையே.

— தொடக்கூடாதுன்னு நான் சொல்லல. ஆடறவங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய். இல்லன்னா திரையைப் போட்டுட்டு மறுநாள் காலைக்குப் போயிடு.

— மறுநாள் காலை! கோழைகள் கண்டுபிடிச்ச பொழுது அது. சினிமாவுல ரெண்டு பூ உரசிக்குமே, அந்த ஜாதி. என் கதையில கதைக்காரனோட கண்ணு எப்பவும் திறந்தே இருக்கும்.

— திறந்த கண்ணுக்கு உங்க அத்தான் எங்க படுக்கறார்னு தெரியுமா?

— சோபாவுல. கால் வெளிய நீட்டிக்கிட்டிருக்கும், தினம் இடிச்சுக்கறேன். குறட்டை தாங்காம நீ துரத்திட்டேன்னு நினைச்சேன்.

— துரத்தல. ஆபரேஷன் முடிஞ்சு நான் வீட்டுக்கு வந்த அன்னிக்குத் தலகாணியைத் தூக்கிட்டுப் போனார். ‘நீ நல்லா ரெஸ்ட் எடு’ன்னார். அதோட சரி. காயம் ஆறிடுச்சு. லேப் வேலைக்கும் திரும்பிட்டேன், ஊரார் கையெல்லாம் குத்தி ரத்தம் எடுக்கறேன். அவர் மட்டும் இன்னும் திரும்பி வரல.

— கேட்டுட வேண்டியதுதானே?

— என்னன்னு? என் வயித்துல இருக்கற தழும்பு உங்களுக்குப் பிடிக்கலையான்னா? ஆமான்னு ஒரு பார்வை பாத்துட்டார்னா, அப்புறம் எப்படிடா ஒரே வீட்ல இருக்கறது?

— அக்கா...

— உச்சுக் கொட்டாதே. உனக்கு நன்றி சொல்லத்தான் வந்தேன், பேச்சு எங்கயோ போயிடுச்சு. நீ இந்த ஆட்டத்தைக் கொண்டு வந்தப்புறம்தான் ஞாயித்துக்கிழமையாவது அவர் வாயைத் திறக்கறார். மத்த நாள்ல ‘சாப்பிட்டியா’, ‘மாத்திரை போட்டியா’. மந்திரவாதி ஆயிட்டா மட்டும் மனுஷன் சேர்ந்தாப்ல நாலு வாக்கியம் பேசறார். போன வாரம் குகையில ‘கோடாலி, நீ முன்னாடி போனா எனக்கு பயமே இல்ல’ன்னாரே. அதை வெச்சுத்தான் இந்த வாரத்தை ஓட்டினேன்.

— அப்போ, ராணி வந்து கூப்பிட்டா...

— போயிட்டார்னா?

— ஆட்டம்தானே அக்கா.

— ஆட்டத்துல சொல்றது மட்டும்தான்டா எங்க வீட்ல நிஜம்.

— சரி, ராணியை வெட்டிடறேன். பக்கம் பக்கமா உவமை போட்டிருக்கேன், போனாப் போகுது.

— வேண்டாம், நடத்து. எனக்கும் தெரிஞ்சாகணும். செருப்புச் சத்தம் கேக்குது, வந்துட்டார்.

— மன்னிச்சுக்கோ மாப்ள, லேட்டாயிடுச்சு. அஞ்சாவது மாடியில லிஃப்ட் நின்னுபோச்சு, உள்ள ஒரு அம்மா. திறக்கற வரைக்கும் என்னைத் திட்டினாங்க, திறந்ததும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. இந்த வேலையில அது ஒண்ணுதான் சுகம். நீ... மாத்திரை போட்டியா?

— போட்டாச்சு.

— உக்காருங்க அத்தான். இருபது முகக் கட்டை உங்க பக்கத்துல இருக்கு. உங்க மந்திரவாதி மழையில நிக்கறான். இடது பக்கம் மூடுபனி ராணியோட அரண்மனை, வலது பக்கம் கோடாலிக்காரியோட கூடாரம். அரண்மனைக் கதவு திறக்குது. ராணி வர்றா. ‘மந்திரவாதியே, இன்றிரவு என் மஞ்சத்தில்...’

— ராணிக்குத் தொண்டை கட்டியிருக்காடா?

— குறுக்க பேசாதே, கோடாலி. ராணி மேலாடையை நழுவ விடறா. பளிங்குல கடைஞ்ச உடம்பு. மாசு இல்ல, மரு இல்ல, ஒரு கீறல் இல்ல, ஒரு தழு...

— ஏன் நிறுத்திட்டே?

— கையெழுத்து புரியல அக்கா.

— உன் கையெழுத்துதானே. படி.

— மாப்ள, இரு. நான் ஒண்ணு சொல்லலாமா?

— முதல்ல கட்டையை உருட்டுங்க அத்தான். பெரிய எண் விழுந்தாத்தான் ராணியோட மயக்கத்துலேர்ந்து தப்பிக்க முடியும்.

— எது வேணா விழட்டும். அவன் அங்க போகல.

— ஆட்டத்தோட விதி...

— விதியை நீ பாத்துக்கோ. அவன் வலது பக்கம் திரும்பறான். கூடாரத்து வாசல்ல நிக்கறான். கோடாலி, உள்ள வரலாமா?

— இத்தனை நாளா வெளியில தீ மூட்டிக்கிட்டு உக்காந்திருந்தே. இப்ப என்ன வந்துச்சு?

— குளிருது.

— எப்பவும்தான் குளிருது.

— அந்தச் சண்டையில உனக்கு அடிபட்டுதே. தூக்கத்துல என் கை பட்டு வலிச்சுடுமோன்னுதான் வெளிய போனேன். அப்புறம் ஆறிடுச்சுன்னு தெரிஞ்சுது. ஆனா போனவன் எப்படித் திரும்பி வர்றதுன்னு தெரியல. என்ன சொல்லிக்கிட்டு வர்றது? நின்னுபோன லிஃப்டைத் திறக்கத் தெரியுது எனக்கு, இது தெரியல.

— மந்திரவாதிக்கு ஏது லிஃப்டு?

— ஆமால்ல.

— நான், தழும்பைப் பாத்துட்டுத்தான் நீங்க...

— அய்யோ, என்னம்மா நீ! அதைப் பாத்தா எனக்குக் கும்பிடணும்போல இருக்கு. அது வழியாத்தானே நீ எனக்குத் திரும்பக் கிடைச்சே.

— என் மூஞ்சியைப் பாக்காதீங்க.

— அழறியா?

— கோடாலிக்காரி எங்கயாவது அழுவாளா? மழை. உள்ள வாங்க.

— கையெல்லாம் கிரீஸ்.

— இருக்கட்டும், வாங்க.

— மாப்ள, உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. ராணிக்குத்தான் அவமானமாப் போச்சு.

— அவ மேலாடையைப் போர்த்திக்கிட்டு உள்ள போயிட்டா அத்தான். ஏற்கெனவே ஜலதோஷம்.

— டேய், அப்புறம் கதையில என்ன ஆகுது?

— திரை விழுது. மறுநாள் காலை. நடுவுல நடந்தது கதைக்காரனுக்குத் தெரியாது அக்கா. அவன் வாசக் கதவை வெளியிலேர்ந்து பூட்டிக்கிட்டு லைப்ரரிக்குப் போயிட்டான்.