முப்பத்துமூன்று காட்டிய வேன்

பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி. வேலையிடத்தில் "சைரன்" என்று கேட்டால்தான் தெரியும். வயது 41. தொழில், கட்டட மொட்டைமாடிகளில் தண்ணீர் கசியாமலிருக்கப் பூச்சு பூசுவது. முகவரி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின் தெரு, கதவு எண் 14, இரண்டாம் மாடி.

நான் மேற்படி முகவரியில் என் தங்கையுடன் வசித்துவருகிறேன். அவளும் நான் வேலை செய்யும் நிறுவனத்தில் அதே வேலைதான் செய்கிறாள். நான் கத்திப் பேசுவதாக, இந்த வாக்குமூலத்தை எழுதும் காவல் நிலைய எழுத்தர் ஐயா இரண்டு முறை சொல்லிவிட்டார். எனக்குப் பேச்சே அப்படித்தான். இன்றைக்குச் சந்தோஷமும் சேர்ந்துகொண்டதால் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம்.

எங்கள் நிறுவனத்தில் ஒரு விதி உண்டு. வெளி வெப்பம் நாற்பது டிகிரி ஆகிவிட்டால் எல்லோரும் மாடியிலிருந்து இறங்கிவிட வேண்டும். அந்த நாற்பதைச் சொல்ல வேண்டியது நிறுவனத்தின் வேன். அதன் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் உள்ள சின்னத் திரையில் வெளி வெப்பம் என்று ஓர் எண் தெரியும். மேற்பார்வையாளர் ஏசி போட்டுக்கொண்டு வேனுக்குள் உட்கார்ந்து அதைப் பார்த்துச் சொல்வார். வாயைத் திறந்தால் டிகிரி என்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் டிகிரி சார். அவர் படித்த டிகிரி என்ன என்று யாருக்கும் தெரியாது. இந்தக் கோடையில் அந்த எண் ஒரு நாள்கூட முப்பத்தைந்தைத் தாண்டவில்லை. நமக்குத்தான் வயதாகிறது போலிருக்கிறது என்று நாங்களும் பேசாமல் இருந்தோம்.

நேற்று மதியம் பன்னிரண்டரை மணி அளவில், நான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் மேல் இரண்டாம் பூச்சு பூசிக்கொண்டிருந்தபோது, என் தங்கை கையிலிருந்த பூச்சு உருளையைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, எனக்கு வேர்க்கவே இல்லக்கா" என்றாள். வெயிலில் வேர்வை நின்றால் ஆபத்து என்பது எங்கள் வேலையில் எல்லோருக்கும் தெரியும். கைப்பிடிச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "சார், எத்தனை?" என்று கத்தினேன். அவர் கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கி, "முப்பத்திமூணு! வேலையப் பாரு!" என்று சொல்லிவிட்டு மறுபடி ஏற்றிக்கொண்டார். அதன் பிறகு நான் திரும்பியபோது தங்கை ஈரப் பூச்சின் மேலேயே சாய்ந்து கிடந்தாள்.

அதன் பிறகு நானும் கூட வேலை செய்யும் இருவரும் அவளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி, வேறு நிழல் இல்லாததால் வேனின் நிழலில் படுக்கவைத்தோம். டிகிரி சார் கதவைத் திறக்காமல் கண்ணாடியை மட்டும் இறக்கி, "முப்பத்திமூணுல மயக்கமா? நல்லாத்தான் நடிக்கிறா" என்று சொல்லி, தினசரிப் பதிவேட்டிலும் அப்படியே எழுதினார். அப்போது எனக்குக் கோபப்படக்கூட நேரமில்லை, தண்ணீர்தான் வேண்டியிருந்தது. வேனுக்கு அடியில் ஏசித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்ததால் என் துண்டை அதில் நனைத்து அவள் முகத்தைத் துடைத்தேன். மறுபடி நனைக்கக் குனிந்தபோதுதான் பார்த்தேன். அந்தத் தண்ணீர் நேராகத் தரையில் விழவில்லை. ஒரு வயரின் நுனியில் அவரைக்கொட்டை அளவில் கறுப்பாக ஏதோ இருந்தது. தண்ணீர் அதன் மேல் சொட்டி, அதை நனைத்து, அதன் பிறகே தரைக்கு வந்தது.

வேன் ஓட்டும் அண்ணனைக் கூப்பிட்டு, "இது என்னண்ணே?" என்று கேட்டேன். அவர் குனிந்து பார்த்து, "அதுதான்மா வெளிச் சூட்டப் பாக்குற சென்சாரு. பம்பர் உடைஞ்சப்போ தொங்கிட்டே கெடந்துச்சு, நான்தான் இழுத்து அந்த ஏசித் தண்ணிக் குழாயோட சேத்து..." என்றவர், சொல்லி முடிக்காமல் தலையில் கை வைத்துக்கொண்டார். அண்ணன் கெட்ட எண்ணத்தில் கட்டவில்லை என்பதை உறுதியாகச் சொல்கிறேன். ஆனால் பாருங்கள் ஐயா, உள்ளே சார் ஏசியைக் கூட்டக் கூட்ட, வெளியே எங்களுக்குச் சூடு குறைந்துகொண்டே வந்திருக்கிறது! கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி எங்கே போனது என்பார்கள். நாங்கள் ஒரு கோடை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அதன் பிறகு சென்சாரைக் குழாயோடு கட்டியிருந்த கயிற்றை அறுத்தது நான்தான். பூச்சு டப்பா திறக்கும் என் கத்தியால் அறுத்தேன். துண்டின் காய்ந்த முனையால் சென்சாரைத் துடைத்துக் கொடுத்தேன். அண்ணன் அதை முன்பக்கம் காற்றுப் படும் இடத்தில் கட்டினார். அதற்குள் மற்ற இருவரும் தங்கையை மருத்துவமனைக்குக் கொண்டுபோகப் பின் இருக்கையில் ஏற்றினார்கள். நான் சாரைக் கடத்திப்போனதாக அவர் கொடுத்த புகாரில் உள்ளது பொய். தான் ஆட்டோ பிடித்துப் போவதாகச் சொல்லி அவர் இறங்கினார். கையைப் பிடித்து மறுபடி முன் இருக்கையில் உட்காரவைத்தேன். எண்ணைப் பார்த்துச் சொல்ல அவரை விட்டால் எங்களுக்கு யார் இருக்கிறார்கள்?

வேன் நகர்ந்ததும் எண் ஏறத் தொடங்கியது. முதலில் முப்பத்தைந்து. சிக்னலைத் தாண்டியபோது முப்பத்தெட்டு. "ஏறுடா ராஜா, ஏறு!" என்று நான் கத்தியது உண்மை. பாலத்தின் மேல் நாற்பது ஆனபோது துள்ளி எழுந்ததில் என் தலை கூரையில் இடித்தது, அந்த வீக்கத்தை எழுத்தர் ஐயாவிடம் காட்டினேன். மருத்துவமனை வாசலில் வேன் நின்றபோது, "சார், உங்க வாயால சொல்லுங்க, எத்தனை?" என்று கேட்டேன். அவர் திரையைப் பார்த்து, "நாப்பத்திமூணு" என்றார். என் மடியில் கிடந்த தங்கை கண்ணைத் திறக்காமலே, "அப்ப எறங்கிடலாமாக்கா?" என்றாள். அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

இன்னும் கால்மணி நேரம் மாடியில் இருந்திருந்தால் கைவிட்டுப் போயிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். இன்று காலை அவள் எழுந்து உட்கார்ந்து, வார்டில் சத்தம் போடாதே என்று என்னைத் திட்டினாள். திட்டு வாங்கிக்கொண்டு நேராக இங்கேதான் வருகிறேன்.

கயிற்றை அறுத்ததையும் சாரை உட்காரவைத்ததையும் ஒப்புக்கொள்கிறேன். அதற்கு எந்த வழக்கு வேண்டுமானாலும் போடுங்கள். ஆனால் பதிவேட்டில் என் தங்கையின் பெயருக்கு நேரே எழுதியுள்ள "நடிப்பு" என்ற சொல்லைச் சார் தன் கையாலேயே அடிக்க வேண்டும். அந்தச் சொல் அங்கே இருக்கும்வரை அவளை வேலைக்குத் திரும்ப எடுக்க மாட்டார்களாம்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். முதலில் "சம்பவ நேரத்தில் வெளி வெப்பம் 33" என்று புகாரில் கண்டபடி எழுதியிருந்தார்கள். அதை "வேன் காட்டிய எண் 33, வெளி வெப்பம் 43" என்று திருத்தச் சொன்னேன். எழுத்தர் ஐயா திருத்தினார். மற்றபடி ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அத்தனையும் நான் கண்டதும் செய்ததும்தான்.

(ஒப்பம்)
திருத்திய இடத்திலும் ஒப்பமிட்டேன்.