பிரசாந்தன் யாருடைய ஆளும் அல்ல

பெயர்: யோகநாதன் விமலேஸ்வரி. வயது: 49. தொழில்: வீட்டிலிருந்து தட்டச்சு செய்தல். முகவரி: பாடசாலை வீதி, தர்மபுரம், கிளிநொச்சி மாவட்டம். கணவர் என்ற இடத்தில் முதலில் "இல்லை" என்று எழுதப்பட்டது. நான் ஆட்சேபித்ததன் பேரில் அது வெட்டப்பட்டு, "2009 மே மாதம் முதல் காணாமல் ஆக்கப்பட்டவர்" என்று எழுதப்பட்டது.

சந்தியில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கும் பிரசாந்தன் (வயது 31) என்மீது கொடுத்த முறைப்பாடு இந்தப் பொலிஸ் நிலையத்தில் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் அவரைப் பற்றிப் பொய்க்கதை பரப்பியதால் அவருடைய தொழிலும் பெயரும் கெட்டன என்பது முறைப்பாடு. அது உண்மை. நான் பன்னிரண்டு வருடமாக மற்றவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பவள். சொல்ல வேண்டியதைக் கடைசிப் பக்கம் வரை ஒளித்து வைப்பவர்களோடு எனக்குப் பொறுமை இல்லை, ஆகவே இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்காக நான் தட்டச்சு செய்த மனுக்கள், அடையாள அட்டைப் பிரதிகள், புகைப்படங்கள் எல்லாம் என் வீட்டுக் கணினியில்தான் உள்ளன. 2024 பெப்ரவரி மாதம் தொடக்கம், நான் ஒன்றும் செய்யாமல் இருக்கும்போதும் அதன் உள்விசிறி இரைந்தது. பெட்டியில் கை வைத்தால் சுட்டது. ஒரு சொல்லை அடித்தால் அது திரைக்கு வர நேரம் பிடித்தது. அதன் பின்னர் 2024.03.11 ஆம் திகதி பிரசாந்தனை வீட்டுக்கு அழைத்தேன். அவர் தூசி தட்டி, முக்கால் மணித்தியாலம் இருந்து பார்த்துவிட்டு, "அக்கா, உள்ளுக்க களவா ஏதோ ஓடுது. பெட்டியை ரெண்டு நாள் கடையில விடுங்கோ, துப்புரவாக்கித் தாறன்" என்றார். முக்கியமான கோப்புகளுக்கு வேறு பிரதி இருக்கிறதா என்றும் கேட்டார். நான் பெட்டியைக் கொடுக்கவில்லை. தேநீர் கொடுத்து அனுப்பினேன்.

அதற்கு ஆறு நாட்களின் பின்னர் சிவில் உடையில் இருவர் வீட்டுக்கு வந்து, கடைசி மனுவில் யார் யாருடைய பெயர்கள் உள்ளன என்று கேட்டார்கள். அவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. இன்று இங்கே கேட்டபோதும் தெரியாது என்றே சொல்லப்பட்டது. அவர்கள் போனதன் பின்னர் நான் கணினிக்கு முன்னால் இருந்து, எந்தச் செயலி எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மனேஜரைத் திறந்தேன். திறந்தவுடன் விசிறி அடங்கியது. மூடினேன், சிறிது நேரத்தில் மறுபடி இரைந்தது. நாலு தடவை திறந்து மூடினேன், நாலு தடவையும் அப்படியே நடந்தது. நான் பார்ப்பது அதற்குத் தெரிகிறது என்று நினைத்தேன். இது உளவு, இதை வைத்தவர் பிரசாந்தன், பெட்டியைக் கேட்டது மிச்சத்தையும் எடுப்பதற்கு என்று முடிவு செய்தேன். விசிறி அவர் வருவதற்கு முன்னரே இரைந்தது, அதற்காகத்தான் அவரை அழைத்தேன் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. பயந்தவளுக்குத் திகதி தெரிவதில்லை.

மறுநாள் பஸ்ஸில், என்னோடு மனுக் கொடுக்க வரும் அமராவதியிடம், "பிரசாந்தனிட்ட ஒண்டும் திருத்தக் குடுக்காதேங்கோ. அவன் ஆரின்ர ஆளெண்டு தெரியேல்லை" என்றேன். வேறு ஒருவரிடமும் நான் சொல்லவில்லை; சொல்லத் தேவையும் இருக்கவில்லை. ஏப்ரல் மாதம் முடிவதற்குள் கடைக்குச் சனம் போவது நின்றது. பெயர்ப்பலகைக்குக் கழிவு எஞ்சின் ஒயில் ஊற்றப்பட்டது. ஊற்றியவர் யாரென எனக்குத் தெரியாது. முள்ளியவளையில் அவருக்குப் பேசியிருந்த பெண் வீட்டார் சாதகத்தைத் திருப்பி அனுப்பினார்கள். அதைக் கேள்விப்பட்டபோது, ஒரு பிள்ளை தப்பினாள் என்று நான் சந்தோஷப்பட்டேன். இப்போது அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

அதன் பின்னர் 2024.06.08 ஆம் திகதி, கிளிநொச்சியில் கணினி படிப்பிக்கும் யதுசா என்ற ஆசிரியை தன் மாமனாரின் மனுவுக்காக வந்திருந்தார். விசிறியின் சத்தம் கேட்டு, பார்க்கட்டுமா என்றார். முதலில் இணைய இணைப்பைக் கழற்றினார். பின்னர், கணினி தொடங்கும்போது தானாக எழும்பும் செயலிகளின் பட்டியலைத் திறந்து, விண்டோசின் சொந்தக் கோப்பு போலப் பெயர் வைத்த ஒன்றைக் காட்டினார். "அன்ரி, இது உளவில்லை. ஆரோ எங்கேயோ இருந்துகொண்டு உங்கட கொம்பியூட்டரால கிரிப்டோ காசு உழைக்கிறான். உங்கட பைலொண்டும் அவனுக்குத் தேவையில்லை. நீங்கள் பாக்கேக்க அடங்கியிருக்கிற மாதிரித்தான் இதைச் செய்து விடுறவங்கள்" என்றார்.

அந்தக் கோப்பு வந்த திகதி 2024.01.19. அன்று நான், ஸ்கான் செய்த தாள்களை எழுத்தாக மாற்றும், காசு கட்டாமல் பாவிப்பதற்காகப் பூட்டுடைத்த மென்பொருள் ஒன்றை இலவசமாக இறக்கினேன். வைரஸ் காப்பை நிறுத்தச் சொல்லி அதில் எழுதியிருந்தது. என் கையாலேயே நிறுத்தினேன்.

யதுசா கோப்பை அழித்தார். பத்து நிமிடத்தில் அது திரும்பி வந்திருந்தது. அதைத் திரும்பக் கொண்டுவந்து வைக்கும் இன்னொரு மறைவான கட்டளையைத் தேடிப் பிடித்து, கணினியைப் பாதுகாப்பு முறையில் தொடக்கி இரண்டையும் அழித்தார். அதன் பின்னர் பூட்டுடைத்த மென்பொருளையும் நீக்கி, வைரஸ் காப்பை இயக்கி முழுதும் சோதித்தார். பகல் சாப்பாட்டுக்கு முன்னர் எல்லாம் முடிந்தது. விசிறி சத்தமில்லாமல் சுற்றியது. பிரசாந்தன் சொன்னது அத்தனையும் சரி. எனக்கு அழுகை வந்தது. ஏதோ கோப்பு அழிந்துவிட்டதாக்கும் என்று யதுசா பயந்துபோனார்.

அன்று பின்னேரமே அவருடைய கடைக்குப் போனேன். பூட்டியிருந்தது. அவர் அதற்கு முதல்நாளே இந்த முறைப்பாட்டைக் கொடுத்திருந்தார். பக்கத்துத் தேநீர்க் கடையில் நின்ற ஒருவர், "பாத்தியளே அக்கா, கஷ்டம் வந்தவுடன பொலிசிட்டத்தான் ஓடினவன்" என்றார். நான் சொன்னது பொய் என்று அவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

இன்று இரு தரப்பாரும் சமாதானமாகப் போகலாம் என்று பொறுப்பதிகாரி சொன்னார். பிரசாந்தன் குற்றமற்றவர் என்று பொலிஸ் முத்திரையுடன் கடிதம் தருவதாகவும், அதைக் கடையில் ஒட்டலாம் என்றும் சொன்னார். வாங்குப் பலகையில் இருந்த பிரசாந்தன், "ஐயா, அதை ஒட்டினா நான் உங்கட ஆளெண்டே ஆயிடும். ஊரை விட்டுத்தான் போகோணும்" என்றார். கடிதம் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் கூடும் எங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் நானே சொல்கிறேன் என்றேன். அப்போது அவர் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்து, "அக்கா, இப்ப நீங்களும் பொலிசுக்கு வந்திட்டியள். இவையள் மிரட்டிச் சொல்ல வைச்சதெண்டுதானே சனம் சொல்லும்?" என்று கேட்டார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சொல்வேன்.

மேலே தமிழில் எழுதப்பட்டதை நானே வாசித்தேன், இரண்டு இடங்களில் திருத்தினேன். எல்லாம் உண்மை. இதைச் சொல்லும்படி எவரும் என்னை மிரட்டவில்லை, எவரும் சொல்லித் தரவில்லை, நானாகவே சொன்னேன்.

ஒப்பம்: யோ. விமலேஸ்வரி
2024.06.14