அளவைக் கூட்டியது நான்தான்

அடுத்தவர் வீட்டு விஷயத்தில் தலையிடும் பழக்கம் எனக்குக் கிடையாது, சார். தலை தானாகத் திரும்பும், அவ்வளவுதான்.

டீச்சர் பெயரில் இடமாறுதல் மனு எழுதியது யார் என்று கேட்கத்தானே கல்வி அலுவலகத்திலிருந்து வந்திருக்கிறீர்கள்? சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு வேர்க்கடலையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எதிர்வீட்டில் மூன்று பேர். டீச்சர், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவர் கணவர், ஆறு வயது மகள் வாண்டு. வாண்டுவுக்குக் கடலை ஆகாது. துளி பட்டாலும் உதடு வீங்கி மூச்சு இழுக்கும். டீச்சருக்கு என்னை ஆகாது. என்னைப் பார்த்ததும் முகம் சிவக்கும், கதவு சாத்திக்கொள்ளும். இரண்டுக்கும் ஒரே வைத்தியம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

முழங்கால் வலிக்கு ஆஸ்பத்திரி போன அன்று, அவர்கள் ஒவ்வாமை டாக்டரிடம் போவதைப் பார்த்தேன். பின்னாலேயே நானும் நுழைந்தேன். குழந்தையைப் பற்றிய கவலையில் டீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை. டாக்டரம்மா என்னையும் குடும்பத்தில் சேர்த்துக்கொண்டார். மறுத்தால் மனசு நோகுமே என்று பேசாமல் நின்றேன்.

“உடம்புக்குள்ள ஒரு காவல்காரன் இருக்கான்மா. கடலையைத் திருடன்னு நினைச்சு அடிக்கிறான். நாம தினம் துளியூண்டு மாவை அவனுக்குக் காட்டுறோம். அப்புறம் கொஞ்சங்கொஞ்சமா கூட்டுறோம். ‘அட, இது நம்ம ஆளு’ன்னு அவனே விட்டுடுவான். ஆனா அவசரப்படக் கூடாது. அளவைக் கூட்டுறது இங்க, என் கண் முன்னாடிதான். வீட்டுல கொடுத்தா ரெண்டு மணி நேரம் பெரியவங்க யாராவது கூடவே இருக்கணும்.”

எவ்வளவு நியாயமான பேச்சு. எனக்கு முழங்கால் வலியே மறந்துவிட்டது.

மறுநாள் டீச்சர் வீட்டு வாசலில் அரை நிமிஷம் நின்றேன். “என்ன வேணும்?” என்றார். “ஒண்ணும் வேணாம்மா” என்று திரும்பிவிட்டேன். அந்த வாரம் முழுக்க அரை நிமிஷம். அடுத்த வாரம் ஒரு நிமிஷம். அதற்கடுத்த வாரம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். நடுவில் ஒருநாள் புத்தி கெட்டு, நேராகச் சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டேன். “முதல்ல வெளிய போங்க” என்றார். தப்பு என்னுடையது. மறுநாள் மறுபடி வாசல், அரை நிமிஷம்.

பள்ளிக்கூடம் திறந்ததும், மருந்து கொடுத்துவிட்டு இரண்டு மணி நேரம் குழந்தையோடு இருக்க ஆளில்லை. வாசலில் நான் இருந்தேன்.

கடலை விஷயத்தில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை, சார். டாக்டரம்மா சொன்ன அளவு, சொன்ன நேரம். குழந்தை இப்போது நாலு முழுக்கடலை தின்கிறாள். நானும் அதே வேகத்தில்தான் போனேன். இரண்டு மணி நேரம் நாலானது. கூடம் உள்ளறையானது. என் தலையணையை முதலில் கொண்டுபோனேன், பாயைப் பிறகு. தபால்தலை அளவில் என் படம் ஒன்றை அலமாரிக் கண்ணாடியின் ஓரத்தில் செருகினேன். மாதத்துக்கு ஒரு சுற்றுப் பெரிதாக்கினேன். இப்போது அவர்கள் கல்யாணப் படம் மாட்டியிருந்த ஆணியில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். ஊருக்கெல்லாம் பார்வை சோதிக்கும் மனிதர், ஒருநாளும் கவனித்ததில்லை.

ஒரு விடுமுறைக்கு டீச்சரின் சொந்த அக்கா வந்தாள். உள்ளறையில் என் சாமான்கள். பாவம், இரண்டு ராத்திரி சோபாவில் படுத்தாள். வாண்டு என்னிடம் வந்து, “பெரியம்மா, இந்த ஆன்ட்டி எப்போ போவாங்க?” என்றாள். அக்கா அன்று மத்தியானமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நான்தான் தெருமுனை வரை வழியனுப்பினேன். யாராவது செய்ய வேண்டுமே.

டீச்சருக்கு மட்டும் அந்தப் பழைய ஒவ்வாமை அவ்வப்போது திரும்பியது. “இது யார் வீடுன்னே எனக்குத் தெரியல” என்று ஒருநாள் கணவரிடம் கத்தினார். “அக்கா என்ன பண்ணாங்க உனக்கு? சும்மா இரேன்” என்றார் அவர். அக்கா என்று அவர் சொன்னது என்னை. வீடு முழுக்கப் பழகிவிட்டது, ஒரே ஓர் இடத்தில் மட்டும் அரிப்பு. அரிக்கிற இடத்தைக் கவனிக்காமல் எப்படி விடுவது?

கடைச் சாமான் சீட்டுகளைப் பார்த்து டீச்சரின் எழுத்தைத் தினம் ஒன்றாகப் பழகினேன். மனுவில் குடும்ப நலன் கருதி என்று எழுதினேன். அது பொய்யில்லை. தூரமான பள்ளிக்கூடமாகப் பார்த்துக் கேட்டேன், இரண்டு ரயில் மாறிப் போகிற ஊர். கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

உத்தரவு வந்து டீச்சர் போன முதல் வாரம் வாண்டு அம்மா வேண்டும் என்று அழுதாள். இரண்டாம் வாரம் போனில் மட்டும். டீச்சர் லீவுக்கு வருகிறேன் என்றபோது, “எதுக்கும்மா அலைச்சல், நான் பாத்துக்கறேன்” என்றேன். இப்போது போன் மணி அடித்தால், “விளையாடறேன்னு சொல்லிடுங்க பெரியம்மா” என்கிறாள் குழந்தை. எவ்வளவு அமைதி.

உத்தரவு ரத்து, திங்கட்கிழமை டீச்சர் திரும்புகிறார் என்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் மருந்து விட்டுப்போனால் பழைய அளவை எடுத்த எடுப்பில் கொடுக்கக் கூடாது, சார். டாக்டரம்மாவையே கேளுங்கள். இங்கே மூன்று மாதம் விட்டுப்போயிருக்கிறது. குழந்தைக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு? முதல் வாரம் டீச்சரை ஜன்னல் வழியாக முகத்தை மட்டும் காட்டச் சொல்லுங்கள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால், நானே அவரை உள்ளே கூப்பிடுகிறேன்.