மதிலில் வைத்த ஏழு தலைகள்

காகிதக் கூழில் செய்த ஒரு தலை காய்வதற்கு எழுபத்திரண்டு மணித்தியாலம் வேண்டும். இணையத்தில் நாற்பத்தெட்டு என்று போட்டிருப்பார்கள். அது வெயில் உள்ள நாடுகளுக்கு. லண்டனில், ஒக்ரோபரில், ஹீற்றரை யோசித்து யோசித்துப் போடும் ஒரு வீட்டில் எழுபத்திரண்டு.

பாலேந்திரா அங்கிள், நடந்ததை ஒன்றும் விடாமல் எழுதித் தரச் சொன்னீர்கள். "ஐயர் வாசிச்சுப்போட்டுத்தான் என்ன பரிகாரமெண்டு சொல்லுவார் பிள்ளை. நீ கூட்டாமல் குறைக்காமல் எழுது" என்றீர்கள். கதைப்பதைவிட எழுதுவது எனக்கு எப்போதும் சுலபம். ஐயருக்கு எங்களைத் தெரியாது. அதனால் உங்களுக்குத் தெரிந்தவற்றையும் எழுதுகிறேன்.

என் பெயர் ஸ்ரீநிதி. வயது இருபத்தாறு. இரசாயனவியல் படித்தேன். குடிதண்ணீர் பரிசோதிக்கும் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை. எனக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது அம்மா இறந்தா. அக்கா றூபினி என்னை லண்டனுக்குக் கூப்பிட்டா. அன்றிலிருந்து கோலியர்ஸ் வுட்டில் அக்கா வீட்டில், பின்பக்கத்துச் சிறிய அறையில் இருக்கிறேன்.

அக்காவின் கணவர் நிசாந்தன் உங்கள் தங்கையின் மகன். போன வருடத்துக்கு முந்தின வருடம் செப்ரெம்பரில் வேலைத்தலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர், எழும்பவில்லை. வயது நாற்பத்தொன்று. மகள் கம்சிகாவுக்கு அப்போது ஆறு வயது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அன்று சாம்பலில் ஒரு பகுதியை இங்கே ஆற்றில் கரைத்தோம். மீதியைக் கீரிமலைக் கடலுக்குக் கொண்டுபோகவேண்டும் என்று அத்தானின் தாய் கலாவதி மாமி கேட்டா. அவவுக்கு விசா கிடைக்கவில்லை. மகனின் செத்தவீட்டை யாழ்ப்பாணத்தில் இருந்து கைபேசியில் பார்த்தவ. "ஒரு பிடியெண்டாலும் என்ரை கையிலை தாங்கோ பிள்ளை. நான் பெத்ததை நான் ஒருக்கால் தொட்டு அனுப்பவேணும்" என்றா. அக்கா சத்தியம் பண்ணிக்கொடுத்தா. ஓராண்டு நிறைவில் வரும் ஆட்டைத் திவசம் முடிந்தபின் கொண்டுபோவது என்று ஏற்பாடு.

சாமியறை உள்ள வீட்டுக்குள் சாம்பலை வைக்கக்கூடாது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். ஆகவே அந்தப் பிளாஸ்ரிக் சாடி தோட்டத்து ஷெட்டில், மேல்தட்டில், வெள்ளைத் துணி சுற்றியபடி இருந்தது. கீழ்த்தட்டில் பெயின்ற் வாளிகளும் என் கைவேலைச் சாமான்களும். வெள்ளிக்கிழமைகளில் அக்கா ஷெட் வாசலில் ஊதுபத்தி கொளுத்துவா. உள்ளே போகமாட்டா. நானூறு நாளுக்கு மேல் அதை அவ ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் ஆய்வுகூடத்தில் ஒரு மாதிரியை இப்படி வைத்திருந்தால் எச்சரிக்கைக் கடிதம் தருவார்கள், அவ்வளவுதான்.

அத்தான் எனக்குக் கெடுதல் ஒன்றும் செய்யவில்லை. பகிடி விடுவார். வீட்டுக்கு ஆட்கள் வந்தால் என்னைக் காட்டி, "இது எங்கடை வீட்டு லாப் எலி. கதைக்காது, கடிக்காது, மூலைக்கை இருக்கும்" என்பார். ரீ போட்டுக்கொண்டுபோனால், "சயன்ஸ், சீனி எத்தினை மோல் போட்டனீ?" என்று கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பா. நானும் சிரிப்பேன். பகிடி என்றால் அப்படித்தான்.

அவர் போனபின் வீட்டில் பகிடி இல்லை. நான் மேற்படிப்புக்குக் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு கம்சிகாவைப் பள்ளிக்கூடம் கொண்டுபோனேன், கூட்டிவந்தேன், சமைத்தேன். அக்கா படுத்திருந்தா. வருகிறவர்கள் எல்லோரும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டு, என்னிடம் ரீ வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள்.

ஒக்ரோபர் பதினெட்டாம் திகதி நான் கம்சிகாவின் சாப்பாட்டுப் பெட்டியுடன் படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். அக்கா குசினியில் சிநேகிதி மெற்றில்டாவுடன் போனில் கதைத்துக்கொண்டிருந்தா. "உங்கடை மாதாவுக்கும் கண் இல்லை, எங்கடை பிள்ளையாருக்கும் கண் இல்லை மெற்றில்டா. ஆரையெண்டாலும் எடுக்கத்தான் வேணுமெண்டா வீட்டிலை சும்மா ஒண்டு இருக்குதுதானே. அதை எடுத்திருக்கலாம்" என்றா. பிறகு என்னைக் கண்டு, "நிதி, பிள்ளைக்குத் தண்ணிப் போத்தில் வைச்சியே?" என்று கேட்டா. "ஓம் அக்கா" என்றேன்.

இதை எழுதுவதற்குக் காரணம் நீங்கள் ஒன்றும் விடாமல் எழுதச் சொன்னதுதான். நான் தலைகளைச் செய்யத் தொடங்கியது பத்தொன்பதாம் திகதி. இரண்டுக்கும் தொடர்பு இல்லை. பத்தொன்பதாம் திகதி எனக்கு லீவு.

ஹலோவீன் அலங்காரம் கம்சிகாவின் ஆசை. முதல் வருடம் செத்தவீட்டுத் துடக்கு, தீட்டு என்று அக்கா மறித்துவிட்டா. இந்த முறை ஆட்டை முடிந்துவிட்டது. "பக்கத்து வீட்டுக்காரர் எலும்புக்கூடு கட்டிப்போட்டினம். எங்கடை வீடு மட்டும் போறிங்" என்று பிள்ளை அழுதாள். "நிதி, ஏதாவது செய்துகுடன். பிள்ளையும் பாவம்" என்றா அக்கா. கடையில் வாங்கும் பிளாஸ்ரிக் சாமான் எனக்குப் பிடிக்காது. முன்மதிலை அளந்து பார்த்தேன். ஏழு மண்டையோடுகளுக்கு இடம் இருந்தது.

முறை இதுதான். பலூனை ஊதி மேலே காகிதக் கூழைப் பூசவேண்டும். காகிதத்துக்கு ரூற்றிங் தமிழ்க் கடையில் இலவசமாகக் கிடைக்கும் பத்திரிகைகளை எடுத்தேன். அவற்றில் பாதிப் பக்கம் மரண அறிவித்தல். அத்தானின் ஓராண்டு நினைவஞ்சலி வந்த பத்திரிகையில் அக்கா இருபது பிரதி எடுத்து வைத்திருந்தா. அதுவும் கட்டோடு கட்டாகப் போயிருக்கலாம். நான் படங்களைப் பார்க்கவில்லை. ஊறவைத்து, அரைத்து, பிழிந்து, வெள்ளைப் பசை சேர்த்தேன். கூழுக்கு எலும்பின் கனமும் வழுவழுப்பும் வருவதற்குச் சோக் தூள், அதாவது சுண்ணக்கட்டித் தூள், போடவேண்டும். திறந்திருந்த பக்கற்றில் மூன்று கரண்டிதான் இருந்தது. முடிந்துவிட்டது.

ஒரு வேலையைப் பாதியில் நிறுத்துவது எனக்குப் பிடிக்காது. கூழைக் கரைத்துவிட்டால் வைத்திருக்க ஏலாது, புளித்துவிடும். நான் நிமிர்ந்து ஷெட்டின் மேல்தட்டைப் பார்த்தேன்.

ஐயருக்காகத் தெளிவாக எழுதுகிறேன். எரித்தபின் மிஞ்சுவது மனிதர் அல்ல. பெரும்பாலும் கல்சியம் பொஸ்பேற்று. அரைத்துத்தான் தருகிறார்கள், ஆனாலும் கொஞ்சம் பரும்படியாக இருக்கும். நான் அரிதட்டால் அரித்தேன். தராசில் இரண்டு கிலோ முன்னூற்று எண்பது கிராம் வந்தது. ஏழாகப் பிரித்தால் ஒரு தலைக்குச் சரியாக முன்னூற்று நாற்பது. மீதி இல்லாமல் பிரிந்தது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பல்லுக்குப் பிஸ்தாக் கோதுகளை ஒட்டினேன்.

சாடியை அதே எடைக்கு நிரப்பி, துணியை அதே முடிச்சுப் போட்டுக் கட்டி, அதே இடத்தில் வைத்தேன்.

தலைகள் அழகாக வந்தன. கம்சிகா ஒன்றுக்கு அக்காவின் லிப்ஸ்ரிக் பூசி, "சித்தி, இவர் ஸ்கெயரியா இல்லை, சிரிக்கிறார்" என்றாள். எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற பல்வைத்தியர் ஒருவர் இருக்கிறார். அவர் வீதியைக் கடந்து வந்து, உண்மையான எலும்பின் நிறத்தை எப்படிப் பிடித்தாய் என்று கேட்டார். எனக்குக் கூச்சமாக இருந்தது. சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டேன். ஹலோவீன் அன்று பிள்ளைகள் வந்து தலைகளின் வாய்க்குள் இனிப்பு உறையைத் திணித்தார்கள். ஒருவன் ஒரு தலையில் சூயிங்கத்தை ஒட்டினான். அன்று மழையும் பெய்தது.

அடுத்தநாள் காலையில் அக்கா முன்வாசலைத் துப்புரவாக்கினா. நீண்ட நாளைக்குப் பிறகு அன்றுதான் அவ வேலை என்று ஒன்று செய்தது. தலைகள் கவுன்சில் குப்பை பின்னுக்குள் போகவில்லை. "சனியன்கள், எவ்வளவு பெரிசாச் செய்துவைச்சிருக்கிறாய்" என்று சொல்லிக்கொண்டு, ஒவ்வொன்றாய் நிலத்தில் போட்டுக் காலால் உழக்கித் தட்டையாக்கி உள்ளே போட்டா. ஆறு தலை. நான் ஜன்னலுக்குப் பின்னால் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். ஏழாவதைக் கம்சிகா கட்டிப்பிடித்துக்கொண்டு கொடுக்கமாட்டேன் என்றாள். அதைத் தன் அறை ஜன்னல்கரையில் வைத்தாள். தகப்பன் பிள்ளைக்குப் பக்கத்தில் இருப்பது நல்லதுதானே என்று நினைத்தேன். இதையும் ஐயர் கணக்கில் எடுக்கவேண்டும்.

நவம்பர் ஒன்பதாம் திகதி அக்கா ஊருக்கு வெளிக்கிட்டா. விமான நிலையத்தில் சாடியை மடியில் வைத்துக்கொண்டு, "ஆறடி மனிசன். தூக்கிப் பார் நிதி, பாரமே இல்லை" என்று அழுதா.

"ரெண்டு கிலோ முன்னூற்று எண்பது கிராம்" என்றேன்.

"உனக்கு எல்லாத்துக்கும் ஒரு நம்பர்" என்றா. ஆனால் கோபிக்கவில்லை. என் தலையைத் தடவினா.

கீரிமலையில் நடந்ததை நானும் கம்சிகாவும் கைபேசியில் பார்த்தோம். கலாவதி மாமி சீமேந்துப் படியில் இருந்தா. அக்கா சாடியைத் திறந்து அவவின் மடியில் வைத்தா. மாமி ஒரு பிடி அள்ளிக் கண்ணில் ஒற்றினா. கன்னம் முழுக்க வெள்ளையாகப் பிரண்டது. கொஞ்சநேரம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை இவ்வளவு வெள்ளை? என்ரை பிள்ளை கறுவலெல்லோ" என்றா.

அங்கத்தைய ஐயர், "அது லண்டன் கரண்ட் அடுப்பம்மா. விறகில்லை, புகையில்லை. அப்பிடித்தான் சுத்தமா வரும்" என்றார்.

"கடைசியா வெள்ளைக்காரனாத்தான் வந்திருக்கிறாய் என்ன, அப்பு" என்று மாமி சிரித்தா, பிறகு அழுதா, பிறகு கையைத் தண்ணீருக்குள் விட்டா. தண்ணீர் பால்போலக் கலங்கியது. கம்சிகா, "பாய் அப்பா" என்று கைகாட்டினாள். நானும் காட்டினேன்.

அக்கா திரும்பி வந்தபோது வேறு ஆளாக வந்தா. நித்திரை கொண்டா. வேலைக்குப் போனா. தலை இழுத்துப் பொட்டு வைத்தா. "மாமி இப்ப வடிவாச் சாப்பிடுறாவாம் நிதி. கடன் தீர்ந்தமாதிரி எனக்கும் கிடக்கு" என்றா. இதை நான் கவனித்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரியில் கம்சிகாவின் ஜன்னல் ஈரத்தில் அந்தத் தலை கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை. கம்சிகா பிறந்தநாள் வீடு ஒன்றுக்குப் போயிருந்தாள். அக்கா புட்டு அவித்திருந்தா. எனக்கு முதலில் போட்டா. பிறகு எனக்கு எதிரே இருந்து, என் கையைப் பிடித்து, "நீ இல்லாட்டி நான் இந்த ஒண்டரை வருசம் என்னாயிருப்பனடி? நான் உன்னோடை ஒழுங்காக் கதைச்சதுகூட இல்லை. மன்னிச்சுக்கொள்" என்றா. பதினான்கு வருடத்தில் அவ என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. "பரவாயில்லை அக்கா" என்றேன்.

சாப்பிட்டு முடிந்தபின் அவ மேலே போய், ஒரு கறுத்த பையும் கையுமாக அந்தத் தலையைக் கொண்டு இறங்கினா. "பிள்ளை வரமுதல் இதை எறிஞ்சுவிடுவம். நெஞ்சுச் சளி வரப்போகுது அவளுக்கு."

அந்த நேரம் பார்த்து ஏன் சொன்னாய் என்று நீங்கள் போனில் கத்தினீர்கள். பேசாமல் இருந்திருந்தால் ஒருவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது என்றீர்கள். அது சரிதான். ஆனால் என்னை மன்னித்துவிட்டு, இல்லை, என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு நிற்கிற ஒருவரிடம் ஒரு விஷயத்தை மறைப்பது நேர்மை இல்லை. எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"அக்கா, அதை எறியாதேங்கோ" என்றேன். "அது அத்தான்."

அவ முதலில் சிரித்தா. பிறகு நான் சொன்னேன், இப்போது உங்களுக்கு எழுதிய அதே ஒழுங்கில். பலூன், பத்திரிகை, அரிதட்டு, தராசு. அக்கா மெல்ல நிலத்தில் இருந்தா. தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தா. லிப்ஸ்ரிக் பூசிய வாயைப் பெருவிரலால் துடைத்துக்கொண்டே இருந்தா.

"மற்ற ஆறும்?"

"நீங்கள்தான் உழக்கிக் குப்பை பின்னுக்குள்ளை போட்டனீங்கள்."

நான் புட்டுக் கோப்பைகளை எடுத்துத் தண்ணீரில் ஊறவைத்தேன். பிறகு பின்னாலிருந்து அவவின் குரல் வந்தது. அதில் கோபம் இல்லை, ஒருவிதக் கெஞ்சல்தான் இருந்தது. நான் ஏதோ ஒரு காரணம் சொல்லவேண்டும், அதைப் பிடித்துக்கொண்டு எழும்பவேண்டும் என்பதுபோல.

"சோக் முடிஞ்சுபோச்சு. உனக்கு அவசரம். கை தவறிப்போச்சு. அப்பிடித்தானேடி? தெரியாமல் செய்துபோட்டாய். அப்பிடியெண்டு சொல்லு நிதி." மூச்சு வாங்கினா. "அப்ப மாமி கண்ணிலை ஒத்தினது என்ன? நான் கடலிலை விட்டது என்ன?"

இதை அக்கா உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டா என்று நினைக்கிறேன். நான் தண்ணீர்ப் பைப்பைப் பூட்டிவிட்டுத் திரும்பினேன்.

"சோக் தூள்" என்றேன். "ஷெட்டிலை உடைக்காத பக்கற் ரெண்டு இருந்தது."