பாசிச் சாராயம்

இன்ஸ்பெக்டர் ஐயா, பாசி வளர்ப்பது ஒன்றும் கஷ்டமான வேலை இல்லை. வெயிலும் தண்ணீரும் இருந்தால் அதுபாட்டுக்கு வளரும். சேதராப்பட்டுக் கம்பெனியில் பாசித் தொட்டிகளைக் கிளறிவிடுவதும், பாசியைப் புளிக்கவைத்து வடித்த எத்தனாலைப் பெட்ரோலில் கலந்து கேன்களில் நிரப்புவதும் என் வேலை. எங்கள் குருசுக்குப்பத்தில் அதற்குப் பாசிச் சாராயம் என்று பெயர். சோதனைக்காகச் சில படகுகளுக்கு இலவசமாகக் கொடுத்தோம். அதில் ஒன்று என் தம்பி வெற்றிவேலுடையது.

அந்தப் படகு முன்பு என்னுடையது. அப்பா கடலில் இறந்துபோனபிறகு நான்தான் ஓட்டினேன். ஒரு புயலில் மாட்டித் தப்பி வந்ததிலிருந்து, பயத்தில் நான் படகில் ஏறவே இல்லை. கம்பெனியில் சேர்ந்து தம்பியைப் படிக்கவைத்தேன். அவன் படிப்பை விட்டுவிட்டுப் படகை எடுத்துக்கொண்டான்.

ஒருநாள் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. கேனை இறக்கிய என்னைத் தம்பி காட்டி, "எங்கண்ணன் பாசித் தொட்டியிலதான் தொழில் பண்ணும். முட்டி வரைக்கும்தான் ஆழம், பயமில்ல பாரு" என்றான். ஏலக்காரர் கோவிந்தராசு கூவுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். விளையாட்டாகத்தான் சொன்னான். போகும்போது, "உனக்குன்னு எடுத்து வச்சேண்ணா" என்று ஒரு வஞ்சிரத்தைக் கையில் திணித்தான். அன்று அதைத்தான் குழம்பு வைத்துச் சாப்பிட்டேன்.

மறுநாள் அவனுக்குப் போன கேனில் தண்ணீர் கலந்தேன்.

தம்பியின் உடலை அடையாளம் காட்ட வந்தபோது உங்களிடம் ஒரு காரணம் சொன்னேன். இஞ்சின் முகத்துவாரத்திலேயே நின்றுவிடும், நாலு பேர் சிரிப்பார்கள், கடல் தொழிலை விட்டுக் கம்பெனிக்கு வருவான் என்று நினைத்ததாக. அதைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

வெறும் பெட்ரோலில் தண்ணீர் அடியில் தங்கும். கிளம்பும்போதே இஞ்சின் இருமும். எத்தனால் கலந்ததில் அப்படி இல்லை. தண்ணீர் முதலில் கரைந்து மறைந்திருக்கும். படகு கரையை விட்டு வெகுதூரம் போனபிறகுதான் பிரிந்து இறங்கும். கம்பெனிக்குப் புதிதாக வருபவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவனே நான்தான்.

அன்று அவன் தனியாகப் போயிருந்தான். வெயில் ஏறியபின் போன் செய்தான்.

"அண்ணா, இஞ்சின் நின்னுடுச்சி. காத்து வேற ஏறிகினே வருது. யாரையாவது அனுப்பு."

அனுப்புகிறேன் என்றேன். கொஞ்சம் இருக்கட்டும் என்று ஒரு டீ குடித்தேன்.

மறுபடி கூப்பிட்டான். "தண்ணி உள்ள வருதுண்ணா. பயமா இருக்குதுண்ணா."

சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு முறை சொல் என்றேன். சொன்னான்.

முதல் முறையே நன்றாகக் கேட்டிருந்தது, ஐயா.