இலங்கைத் தீயை அணைத்த காபி

இலங்கையில் அனுமன் வைத்த தீயை ஒரே டம்ளர் காபியால் அணைத்தவன் நான். அதுவும் பெங்களூர் பிரேசர் டவுனில், என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்காமல். நடந்ததை எழுதிக் கொடுக்கும்படி வாசகசாலைக் கமிட்டி கேட்டிருக்கிறது. எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

விதான சௌதா தலைமைச் செயலகத்தில் முப்பத்தாறு வருடம் கோப்பு தள்ளி ஓய்வுபெற்ற எனக்கு, வாசகசாலையில் பிள்ளைகளுக்குக் கதை சொல்வதுதான் இப்போது உத்தியோகம். நான் சொன்னால் அனுமனின் வால் ஊர் எல்லை தாண்டி அத்திபெலே டோல்கேட் வரை நீளும். கும்பகர்ணன் விடும் குறட்டையில் கன்டோன்மென்ட் ரயில் பின்னால் போகும். "ரங்கா சார் சொன்னதுல முக்கால்வாசிய கழிச்சுட்டுக் கேளுங்க" என்பார் நூலகர் நோரா டீச்சர். பிள்ளைகள் எதையும் கழிக்க மாட்டார்கள். அதில் எனக்கு ஒரு பெருமை.

இந்த வருடம் பிள்ளைகளே இராமாயண, பாரதக் கதைகளைத் தங்கள் போக்கில் எழுதி, படம் வரைந்து, புத்தகமாகத் தைத்துக் கொண்டுவந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த மூன்றை நான் பொறுக்க வேண்டும். முதலில் எல்லோரும் வாசித்துக் காட்டினார்கள். ஆறாம் வகுப்பு ரூபினி கடைசி. அவள் அம்மா சரசு அப்பார்ட்மென்ட்டுகளில் வீட்டுவேலை செய்கிறவள். ரூபினியின் புத்தகத்தில் இலங்கை எரிகிறது. பக்கத்துக்கு ஒரு வீடு, வாட்டர்கலரில் சிவப்பாய்த் தீ. கடைசிப் பக்கத்தில் துணி வெளுக்கும் அரக்கி ஒருத்தி, "என் வீடு உன்னை என்ன பண்ணுச்சு?" என்று கேட்கிறாள். அனுமனுக்குப் பதில் தெரியவில்லை. அவ்வளவுதான் கதை.

பிள்ளைகள் அந்தப் பக்கத்தை மறுபடி காட்டச் சொன்னார்கள். பிறகு நான் எழுந்து வாலை அத்திபெலே வரை நீட்டினேன். பாதியில் ஸ்னேஹா கை தூக்கினாள். "சார், அந்தத் துணி வெளுக்கற அம்மாக்கு வேற வீடு கெடச்சுதா?"

கிளம்பும்போது ரூபினி புத்தகத்தை என் கையிலேயே கொடுத்தாள். "தண்ணி பட்டா பெயின்ட் போயிடும் சார், பத்திரம்" என்றாள். மறுநாள் காலை காபியோடு அதைப் பிரித்தேன். கை தவறியது. வயது அறுபத்தெட்டு; தவறக்கூடியதுதான். தீ கரைந்து மேஜையில் ஓடியது. புத்தகத்தைக் காயவைத்து, பீரோவில் பென்ஷன் காகிதங்களுக்கு அடியில் வைத்தேன்.

நோரா டீச்சர் விசாரித்தபோது, அது என்னிடம் வரவில்லை என்றேன். "சார் கையிலதான் குடுத்தேன்" என்றாள் ரூபினி. "கொழந்தைங்க கொஞ்சம் கற்பனை பண்ணிச் சொல்றது சகஜம், திட்டாதீங்க" என்று நானே அவளுக்காகப் பரிந்து பேசினேன். என் பெருந்தன்மையை எல்லோரும் மெச்சினார்கள்.

அடுத்த நாள் சரசு அவளை இழுத்துவந்தாள். "சாரி கேளுடி. அவ்ளோ பெரியவரு பொய் சொல்லுவாரா?"

ரூபினி என் சட்டைப் பொத்தானைப் பார்த்தபடி, "சாரி சார், நான் குடுக்கல" என்றாள். பரவாயில்லம்மா என்று தலையைத் தடவினேன்.

ஒரு மாதமாக அவள் வாசகசாலைக்கு வரவில்லை. அவள் உட்காரும் ஸ்டூலை யாரோ சுவரோரம் தள்ளிவிட்டார்கள். போன சனிக்கிழமை நோரா டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் சிரித்தார். "ஒரு டம்ளர் காபில இலங்கையவே அணைச்சீங்களா? சும்னே கதை விடாதீங்க சார். அந்தப் புள்ளைய காப்பாத்தறதுக்கு இப்படி ஒண்ணா?"

வாழ்நாளில் முதல்முறையாக எதையும் கூட்டாமல் சொன்னேன், நம்ப ஆளில்லை. வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன்.

அட்டையைத் தடவிப் பார்த்தார். கறை இல்லை. ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். பதினோரு வீடு, பதினோரு கறை, ஒவ்வொன்றும் தீயின்மேல் சரியாக. அரக்கியின் முகத்தில் மட்டும் இரண்டு.

"கை தவறிடுச்சுன்னீங்க."

"ஆமா டீச்சர்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"நடந்துதான் இருக்கு சார். இத்தன வருஷத்துல நீங்க கொறச்சு சொன்னது இது ஒண்ணுதான்."